46 வயது டெவலப்பர், இளைஞர்கள் மட்டுமே உள்ள டீம்: "செட் ஆக மாட்டார்" என்று ரிஜெக்ட் செய்யலாமா?

ஓஎம்ஆர்_பேக்எண்ட்:

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு நடுத்தர அளவு புராடக்ட் கம்பெனியில் பேமெண்ட்ஸ் டீமுக்கு லீடாக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர், எல்லோரும் 24-லிருந்து 31 வயதுக்குள். ஒரு சீனியர் பேக்எண்ட் (சர்வர் பக்கக் கோட் எழுதும்) இடம் ரொம்ப நாளாகக் காலியாக இருந்தது, கடைசியில் மூன்று பேர் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு 46 வயது. ஆரம்பத்திலிருந்தே ஜாவா, நடுவில் சில வருஷம் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்துவிட்டு, கோட் எழுதுவதுதான் எனக்கு ஒத்துவருகிறது என்று மறுபடி டெவலப்பராக வந்தவர்.

மூன்று பேருக்கும் ஒரே பிரச்சினையைத்தான் கொடுத்தோம். பேமெண்ட் கேட்வே ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு முறை கால்பேக் (பணம் வந்துவிட்டது என்ற தகவல்) அனுப்பிவிட்டால், வாடிக்கையாளரின் வாலட்டில் பணம் இரண்டு முறை ஏறாமல் எப்படித் தடுப்பீர்கள்? மற்ற இருவரும் நேராக ரெடிஸில், அதாவது வேகமான ஒரு தற்காலிகச் சேமிப்பில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் நுழையும்படி லாக் போடப் போனார்கள். இவர் முதலில் கேட்டது, "கேட்வே அனுப்பும் ரெஃபரன்ஸ் எண் இரண்டு தடவையும் ஒன்றேதானா, மாறுமா?" ஒன்றேதான் என்றோம். அப்படியானால் அந்த எண்ணுக்கு டேபிளில் அதே எண் இரண்டாவது முறை சேராதபடி ஒரு யூனிக் இண்டெக்ஸ் போடலாம், அந்த வரியைச் சேர்ப்பதும் வாலட்டைக் கூட்டுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கட்டும் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது), இரண்டாவது கால்பேக் இண்டெக்ஸில் மோதினால் எதையும் தொடாமல் கேட்வேக்கு "கிடைத்தது" என்று பதில் அனுப்பிவிட வேண்டும், அனுப்பாவிட்டால் அது திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும் என்றார். லாக்கை மட்டும் நம்பினால், டேட்டாபேஸ் திணறுகிற நேரத்தில் லாக் காலாவதியாகிவிட்டால் இரண்டு கால்பேக்கும் உள்ளே வந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். பல சர்வர்களில் புரோகிராம்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் பற்றிக் கேட்டபோது, பயன்படுத்தியிருக்கிறேன், ஆனால் கிளஸ்டரை நான் நிறுவியதில்லை என்று மழுப்பாமல் பதில் வந்தது.

அப்புறம் நாங்கள் உட்கார்ந்து பேசும்போதுதான் சிக்கல். "நல்ல ஆள்தான், ஆனா நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டார்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா, சார் என்பதா என்று இன்னொருவர். அவர் ரிவியூவுக்கு அனுப்பும் கோடில் (புல் ரிக்வெஸ்டில்) நாம் தப்பு சொன்னால் எடுத்துக்கொள்வாரா என்று மூன்றாமவர். மேனேஜர் அதிகம் யோசிக்கவில்லை, "கல்ச்சர் ஃபிட் இல்லைன்னு போட்டு முடிச்சிடு" என்றார். எங்கள் எச்ஆர் போர்ட்டலில் ரிஜெக்ட் காரணங்களின் பட்டியலில் அதுவும் தயாராக இருக்கிறது, ஒரு கிளிக்கில் முடிந்துவிடும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சமயம் டீமின் விருப்பத்தை மீறி எடுத்து, நாளைக்கு அவரை யாரும் மதிக்காமல் ஓரங்கட்டிவிட்டால் பாதிக்கப்படப் போவதும் அவர்தான். இந்த நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? சட்டப்படி இப்படி ரிஜெக்ட் செய்யலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தரமணி_பேனல்:

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் பேனலில் மூன்று பேர் சொன்னதில், அவர் இன்டர்வியூவில் செய்த காரியம் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா? நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாமே அவர் இனிமேல் எப்படி நடப்பார் என்ற ஊகம், அந்த ஊகத்துக்கு ஆதாரம் அவர் வயது மட்டும்தான். ரிவியூவில் தப்பு சொன்னால் எடுத்துக்கொள்வாரா என்பது ரொம்ப நியாயமான கேள்வி. ஆனால் அதை அவரிடம் கேட்கவே இல்லை, நமக்குள் கேட்டு நாமே பதிலும் சொல்லிக்கொண்டோம். மற்ற இருவர் விஷயத்தில் அந்தக் கேள்வி எழவேயில்லை. ஒரு ரிவியூ கமெண்டுக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்த 26 வயதுக்காரர்களோடு வேலை செய்திருக்கிறேன், நீங்களும் செய்திருப்பீர்கள்.

ஃபிட் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. ஒத்துப்போகாத ஒரு ஆள் ஒரு டீமையே கெடுத்துவிட முடியும். ஆனால் அதை அளக்க வேண்டுமானால் வேலையில் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயமாக முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தன் கருத்துக்கு எதிர்க்கருத்து வந்தால் என்ன செய்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா, பாதி முடிந்த வேலையை அடுத்தவர் எடுத்துத் தொடரும்படி எழுதி வைக்கிறாரா, ஜூனியர் கேட்டால் பொறுமையாக விளக்குகிறாரா. இதில் இரண்டுக்கு உங்கள் இன்டர்வியூவிலேயே பதில் கிடைத்துவிட்டது. குபர்னெட்டிஸ் பதில் ஒன்று. ரெஃபரன்ஸ் எண் மாறுமா என்று கேட்டது இன்னொன்று, தானாக எதையும் அனுமானிக்காமல் எதிரில் இருப்பவரிடம் கேட்டிருக்கிறார்.

இதைப் பற்றி ஆய்வுகளும் நிறைய இருக்கின்றன. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், கன்சல்டிங் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறவர்கள் 120 பேரிடம் பேசி எழுதியது. ஃபிட் என்று அவர்கள் குறிப்பிட்டதில் பெரும்பகுதி, வந்தவரின் பொழுதுபோக்கும் வளர்ந்த விதமும் பழகும் முறையும் தங்களோடு ஒத்திருக்கிறதா என்பதுதான். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, தங்களைப் போன்ற ஒருவரைப் பார்த்ததும் வரும் சந்தோஷத்தைத் திறமை என்று நினைத்துக்கொண்டார்கள். வயதை எடுத்துக்கொண்டால், ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டதில், வயதுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு மைனஸ் 0.01, ஏறக்குறைய பூஜ்யம். அனுபவ வருஷக் கணக்குக்கும் 0.18-தான், அதுவும் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. இந்தக் கணக்குகளை சாக்கெட் குழுவினர் 2022-இல் திருத்திப் போட்டபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மார்க் போடும் இன்டர்வியூதான் முதலிடத்துக்கு வந்தது.

அதனால் மேனேஜரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். மூன்று பேரையும் தனித்தனியாக ஒரு மணி நேரம் வரவழையுங்கள், உங்கள் கோட் ரெப்போவில் ஏற்கெனவே சரிசெய்துவிட்ட ஒரு பழைய பக்கை (பிழையை) கொடுங்கள், டீமில் இருந்து ஒருவர் வந்தவரோடு உட்கார்ந்து சேர்ந்து தீர்க்கட்டும். நடுவில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே, "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று உங்கள் டீம் ஆள் சொல்லட்டும். வந்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முடிந்ததும் பேனலில் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே மார்க்கையும் காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இது முக்கியம். முதலில் வாய் திறப்பவர் செட் ஆக மாட்டார் என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதன் பின்னால்தான் போவார்கள், உங்கள் பேனலில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.


இந்திராநகர்_ஈஎம்:

பெங்களூரில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட டீம்களுக்கு ஆள் எடுக்கிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

மேனேஜராகப் பல வருஷம் இருந்துவிட்டுக் கோடுக்குத் திரும்புகிறவர்களில் சிலர் உண்மையிலேயே திரும்புவதில்லை. லேப்டாப் திறந்திருக்கும், ஆனால் டெர்மினலில் கை போகாது, பக்கத்தில் இருப்பவரிடம் "இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று வேலையை நகர்த்துவார்கள். டிசைன் டாக்குமெண்ட் நன்றாக எழுதுவார்கள், டெஸ்ட் எழுத மாட்டார்கள். இது உண்மையான ரிஸ்க், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "கடைசியாக நீங்களே எழுதி புரொடக்‌ஷனுக்குப் போன மாற்றம் எது, அதில் எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்" என்று கேளுங்கள். கையால் செய்தவருக்கு லாகில் வந்த வரி வரைக்கும் ஞாபகம் இருக்கும். செய்யாதவர் "டீமில் செய்தோம்" என்று ஆரம்பிப்பார்.

இரண்டாவது, பணம். உங்கள் மேனேஜர் அவ்வளவு அவசரமாக முடிக்கப் பார்த்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். இருபது வருஷம் சர்வீஸ் என்றால் சிடிசி (மொத்த ஆண்டுச் சம்பளம்) நம் பேண்டை, அதாவது அந்தப் பதவிக்கான சம்பள வரம்பை, தாண்டும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவார்கள், ஆனால் அதை வெளியில் சொல்லாமல் கல்ச்சர் ஃபிட் என்று போட்டுவிடுவார்கள். பட்ஜெட் இல்லை என்றால் பட்ஜெட் இல்லை என்று சொல்லலாம், அது நேர்மையான காரணம். அவர் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்று கேட்டீர்களா? வீட்டுக் கடன் முடிந்தவர், பிள்ளைகள் காலேஜ் போய்விட்டவர்கள் சில சமயம் 32 வயதுக்காரரை விடக் குறைவாகக் கேட்பார்கள். சில சமயம் மிக அதிகமாகவும் கேட்பார்கள். கேட்காமல் தெரியாது.

மூன்றாவது, ராத்திரி ஆன்-கால், அதாவது சிஸ்டத்தில் பிரச்சினை வந்தால் எழுந்து பார்க்கும் முறை. அதற்கும் அதே விதி, மூன்று பேரிடமும் கேளுங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் 29 வயதுக்காரருக்கு ராத்திரி இரண்டு மணி அலர்ட் இவரைவிடக் கஷ்டமாக இருக்கலாம்.

இன்னொன்று. இந்த மாதிரி விவாதம் வந்தாலே யாராவது கென் தாம்ப்சன் 63 வயதில் கூகுளில் சேர்ந்து கோ மொழியை உருவாக்கவில்லையா என்று கேட்பார்கள். உண்மைதான், 2006-இல் சேர்ந்தார், ராப் பைக், ராபர்ட் கிரீஸ்மர் இருவரோடு சேர்ந்து உருவாக்கிய கோ 2009-இல் வெளியானது. ஆனால் அந்த வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதிய மனிதரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஒரு சாதாரண 28 வயது டெவலப்பருக்கு என்ன வாய்ப்பு கொடுக்கிறோமோ அதை ஒரு சாதாரண 46 வயது டெவலப்பருக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 40-ஐத் தாண்டியவர் உள்ளே வர மேதையாக இருந்தாக வேண்டும் என்பதே பாரபட்சம்.


கோவை_கோடர்:

தம்பி, எனக்கு 49 வயது. சரவணம்பட்டியில் வேலை, இன்றைக்கும் தினமும் கோட் எழுதுகிறேன். பிள்ளைகளுக்காகச் சில வருஷம் வேலையை விட்டிருந்துவிட்டுத் திரும்பியவள். அந்த மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தால் என்ன கேட்கும் என்று சொல்கிறேன்.

ரெக்ரூட்டர் போனில் கேட்கும் முதல் கேள்வி "மேடம், எந்த வருஷம் பாஸ் அவுட்?" எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருஷத்தைச் சொன்னதும் குரல் மாறும். எங்கள் காலத்தில் பயோடேட்டா அடியில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை எல்லாம் எழுதிக் கீழே கையெழுத்தும் போடுவோம். இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், டிகிரி வாங்கிய வருஷத்தையும். அப்படி எடுத்த பிறகு அழைப்புகள் கூடின. அழைத்தவர்கள் நேரில் பார்த்ததும் "எங்க டீம்ல எல்லாரும் யங்ஸ்டர்ஸ், உங்களுக்கு அட்ஜஸ்ட் ஆகுமா?" என்பார்கள். ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்வதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது. ஆகும் என்றாலும் நம்ப மாட்டார்கள். வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லி நிரூபிக்கலாம், இதை எதை வைத்து நிரூபிப்பது?

இப்போது இருக்கும் டீமில் என் லீடுக்கு 30 வயது. சிலர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சிலர் அக்கா என்கிறார்கள், ஒரு பையன் மட்டும் மேடம் என்கிறான், அவனுக்கு அதுதான் வாயில் வருகிறது. முதல் நாளே "எப்படிக் கூப்பிடட்டும்?" என்று என்னிடமே கேட்டார்கள், முடிந்துவிட்டது. இதை ஒரு ரிஜெக்ட் காரணமாக யாராவது பேசுவார்கள் என்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சேர்ந்த புதிதில் டாக்கர் (புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு கட்டி இயக்கும் கருவி) எனக்குப் பழக்கமில்லை. 25 வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். அதே பையன் ஒரு ரிப்போர்ட் குவரி நாற்பது விநாடி ஓடுகிறது என்று முழு நாளும் ஜாவா கோடைப் புரட்டிக்கொண்டிருந்தான். குவரிக்கு முன்னால், டேட்டாபேஸ் அதை எப்படி இயக்குகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தேதி இருக்கும் நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டிருந்ததால் இண்டெக்ஸ் பயன்படாமல் டேபிள் முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தது. தேதியை வரம்பாக எழுதினோம், ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. இப்போது அவனே மற்றவர்களுக்கு பிளான் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். ஒரே வயதில் ஏழு பேர் இருந்தால் ஏழு பேருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், தெரியாததும் அப்படித்தான்.

டீம் அவுட்டிங், வெள்ளிக்கிழமை ராத்திரி டர்ஃப் கிரிக்கெட், அதற்கெல்லாம் நான் போவதில்லை. அதை வைத்து ஒத்துப்போகவில்லை என்றால், குடிக்காதவர்களும் சைவக்காரர்களும் செங்கல்பட்டிலிருந்து டிரெயினில் வந்து போகிறவர்களும் கூடத்தான் ஒத்துப்போகவில்லை.


சிங்கை_ஆர்க்கிடெக்ட்:

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் தனியார் வேலைக்கு ஆள் எடுப்பதில் வயதுப் பாரபட்சத்தைத் தடுக்கும் பொதுவான சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகளில் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் என்று வரும், வயது வராது. 16-ஆம் பிரிவு பேசுவதும் அரசு வேலையைப் பற்றி. ஆகவே உங்கள் மேனேஜர் அந்தப் பட்டனை அழுத்தினால் வழக்கு எதுவும் வராது. நாம் வளர்ந்ததே வயது வரம்பு படித்துத்தான், யுபிஎஸ்சி சிவில் சர்வீஸுக்குப் பொதுப் பிரிவில் 32, வங்கித் தேர்வுக்கு இவ்வளவு, டிஎன்பிஎஸ்சிக்கு இவ்வளவு என்று. அதனால் தனியார் கம்பெனி விளம்பரத்தில் "35 வயதுக்குள்" என்று பார்த்தாலும் நமக்கு எதுவும் உறுத்துவதில்லை.

அமெரிக்காவில் 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். ஆனால் 2009-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, வயது இல்லாவிட்டால் இந்த முடிவே எடுக்கப்பட்டிருக்காது என்று வழக்குப் போடுபவர் நிரூபிக்க வேண்டும், அது சுலபமில்லை. அப்படியும் 2019-இல் கூகுள், வேலைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டோர் தொடர்பான வழக்கில் 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கிலும் "கல்ச்சர் ஃபிட்" பேச்சு அடிபட்டது. உங்கள் கம்பெனி அமெரிக்கக் கம்பெனியின் கிளையாக இருந்தாலும் அந்தச் சட்டம் சென்னையில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்களுக்குப் பொருந்தாது. ஆனால் அப்படிப்பட்ட கம்பெனிகளின் நடத்தை விதிகளில் மதம், பாலினத்தோடு வயதும் பெரும்பாலும் எழுதியிருக்கும். அதை ஒரு முறை திறந்து பாருங்கள், மேனேஜரிடம் காட்ட உதவும்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயதும் அதில் உண்டு, 25 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு. அதற்கு முன்பிருந்தே விளம்பரத்தில் வயதைக் குறிப்பிடக் கூடாது என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. இங்கே ஓய்வு வயது 2026 ஜூன் வரை 63, ஜூலையிலிருந்து 64. மக்கள்தொகை மூப்படைகிற ஊரில் 45-ஐ முடிவு என்று நினைத்தால் வேலைக்கு ஆளே கிடைக்காது. என் டீமில் மூன்று தலைமுறை ஆட்கள் இருக்கிறார்கள், தினமும் வாக்குவாதம் நடக்கிறது, பெரும்பாலும் டேப்பா ஸ்பேஸா என்ற ரகம்.


ஓஎம்ஆர்_பேக்எண்ட்:

எல்லோருக்கும் நன்றி. கோவை அக்கா, நீங்கள் எழுதியதை டீமில் ஒருவரிடம் படித்துக் காட்டினேன்.

தரமணி நண்பர் சொன்னபடி பேனலில் இருந்தவர்களிடம், அவர் செய்த எந்தக் காரியத்தைப் பார்த்து செட் ஆக மாட்டார் என்று நினைத்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றேன். இரண்டு பேரால் எழுத முடியவில்லை, அவர்களே மார்க்கை மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். மூன்றாமவர் எழுதவில்லை, சாயங்காலம் டீ கடைக்கு வரச் சொன்னார். அங்கே வைத்துச் சொன்னது இது: "அவர் வந்தா அடுத்த வருஷம் ஸ்டாஃப் இடம் அவருக்குத்தானே போகும், நான் மூணு அப்ரைசலா அதுக்காக வெயிட் பண்றேன்." ஸ்டாஃப் என்றால் சீனியருக்கு மேலே உள்ள டெவலப்பர் பதவி, எங்கள் டீமுக்கு அது ஒன்றே ஒன்றுதான். அவர் பயப்படுவதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மேனேஜரிடமும் பேசினேன். பெங்களூர் நண்பர் ஊகித்தது சரிதான், சம்பளத்தைத்தான் முதலில் எடுத்தார். எச்ஆரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ப்ரொமோஷன் விஷயத்தை எப்படிக் கையாள்வது என்றுதான் புரியவில்லை.


சிஎஸ்இ2004பேட்ச்:

டீ கடையில் உங்கள் டீம்மேட் சொன்னதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான தகவல். செட் ஆக மாட்டார் என்பதற்குள் சம்பளம் இருந்தது, ப்ரொமோஷன் இருந்தது, கூச்சம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீர்வு. மொத்தமாக ஃபிட் என்று போட்டதால் எதற்கும் தீர்வு காணாமல் ஒரு மனிதரை வெளியே அனுப்பப் பார்த்தீர்கள்.

நம் ஊரில் இது ஏன் இப்படி ஆனது என்பதையும் யோசிக்க வேண்டும். சர்வீஸ் கம்பெனிகளின் கணக்கு எளிது. கிளையன்ட் தலைக்கு இவ்வளவு என்று தருகிறார், அந்தத் தலைகளில் பிரெஷர்கள் எத்தனை பேர் என்பதில்தான் லாபம். கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால்தான் அது ஓடும். அதனால் எட்டுப் பத்து வருஷத்தில் எல்லோரையும் மேனேஜர் பக்கம் தள்ளினார்கள். 40 வயதில் கோட் எழுதுகிறவர் ஏதோ தோற்றுப்போனவர் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் "இன்னும் மேனேஜர் ஆகலையா?" என்று கேட்கும் அளவுக்கு. பிறகு அதே கணக்கு அந்த மேனேஜர்களையே கழித்துவிடச் சொல்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 2 சதவீதம், 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். தோண்டப் போனால் இவர்களில் பலரை டெவலப்பர் வேலையிலிருந்து நகர்த்தியதும் கம்பெனிதான்.

நீங்கள் புராடக்ட் கம்பெனி, தலைக்கணக்கில் பில் போடுவதில்லை, அந்தப் பிரமிடு உங்களுக்கு எதற்கு? ஆனால் ஸ்டாஃப் பதவி ஒன்றுதான் என்று வைத்திருக்கும்போது நீங்களும் அதே பிரமிடைத்தான் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் டீமில் 31 வயதுக்காரர் ஒருவர் இன்னும் பத்து வருஷம் கோட் எழுத விரும்பினால் எந்தப் பதவியில் எழுதுவார் என்று மேனேஜரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால், காத்திருக்கும் உங்கள் நண்பருக்கும் இந்த 46 வயதுக்காரருக்கும் பிரச்சினை ஒன்றுதான், இருவரையும் மோதவிட்டுப் பயனில்லை. ஸ்டாஃப் நிலையை இடத்தின் எண்ணிக்கையால் முடிவு செய்யாமல், செய்யும் வேலையின் தரத்தால் முடிவு செய்யச் சொல்லி எச்ஆரிடம் எழுதிக் கேளுங்கள். நிறைய புராடக்ட் கம்பெனிகளில் அப்படித்தான் இருக்கிறது, உலகத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் நண்பரிடமும் மறைக்காமல் பேசுங்கள். மூன்று அப்ரைசலாகக் காத்திருக்கிறார் என்றால் அவருக்கு என்ன குறைகிறது என்பதை யாராவது சொன்னார்களா? சொல்லவில்லையென்றால் அவர் கோபப்பட வேண்டியது உங்கள் மீது, வரப்போகிறவர் மீது இல்லை.


ஓஎம்ஆர்_பேக்எண்ட்:

அந்தப் பேச்சு நேற்று நடந்தது. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நடந்தது நல்லது. குறைகிறது என்று நான் நினைக்கும் இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுத்தேன், அதில் ஒன்றை அவர் மறுத்தார், அவர் சொன்ன உதாரணம் சரியாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

மூன்று பேருக்கும் ஒரு மணி நேர பேரிங்கும் முடிந்துவிட்டது. 46 வயதுக்காரரோடு உட்கார விரும்பியது அதே நண்பர்தான், அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பக் ஒரு டைம்ஸோன் விஷயம், செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டில் ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரைக்குள் நடந்த பரிவர்த்தனைகள் முந்தைய நாள் கணக்கில் விழும். அவர் முதலில் கோடைத் தொடாமல் அந்த நேரத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதி அது தோற்பதைக் காட்டினார். நண்பர் நடுவில், யுடிசியை (உலகப் பொது நேரத்தை) இந்த இடத்தில் மாற்றினால் வேறு ரிப்போர்ட் உடையும் என்று மறுத்தபோது, "அது எந்த ரிப்போர்ட், காட்டுங்களேன்" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வது சரி, கீழே போய் மாற்றலாம் என்றார். மார்க்கை எல்லோரும் பேசுவதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். அவருக்குத்தான் அதிகம், இரண்டாவது வந்த 28 வயதுக்காரரும் ரொம்பப் பின்னால் இல்லை.

எதிர்பார்க்கும் சம்பளத்தை எச்ஆர் கேட்டதில் அவர் சொன்ன தொகை எங்கள் பேண்டின் மேல் எல்லைக்குக் கொஞ்சம் உள்ளேதான் வருகிறது. மேனேஜர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, திங்கட்கிழமை முடிவு என்கிறார். அந்த 46 வயதுக்காரர் கையில் வேறு ஒரு ஆஃபரும் இருக்கிறது, 90 நாள் நோட்டீஸ் வேறு. மேனேஜரிடம் என்ன கொண்டுபோய்க் காட்டட்டும்?


இந்திராநகர்_ஈஎம்:

மார்க் ஷீட்டை அப்படியே அனுப்புங்கள், மூன்று பேருக்கும் ஒரே கேள்வி, ஒரே பக் என்பதை மேலே ஒரு வரியில் போட்டு. பெயர், வயது, பாஸ் அவுட் வருஷம் எடுத்துவிட்டு ஏ, பி, சி என்று மட்டும் இருக்கட்டும். ரிஜெக்ட் செய்வதானால் இந்தத் தாளில் எந்த வரியைக் காரணமாகக் காட்டுகிறீர்கள் என்று அதே மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம். எச்ஆரை சிசி-யில் வையுங்கள். திங்கள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அனுப்பினால் நல்லது, அந்த இன்னொரு ஆஃபர் காத்திருக்காது. அவருக்கும் இன்று ஒரு போன் போட்டு, முடிவு திங்கட்கிழமை வரும், எங்கள் பேனல் உங்களைத்தான் பரிந்துரைத்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸை பை-அவுட் செய்ய (பணம் கட்டிச் சீக்கிரம் விடுவிக்க) அவர் கம்பெனி சம்மதிக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.


கோவை_கோடர்:

இரண்டாவது வந்த பையனுக்கும் போன் பண்ணுங்கள் தம்பி. எதில் குறைந்தது என்று எழுத்தில் இருக்கிறதல்லவா, அதை அவனுக்குச் சொன்னால் உதவும்.